கடல் கடந்த கிரேக்கமும் கடல் கடந்த தமிழும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையையும் இனிமையையும் எடுத்தோதுதல் மரபு. அதனைச் செவ்வனே செய்ய வல்லார் இவ்வவையில் பலர் உளர். ஆதலின் யாம் இன்று வேறொரு மொழியின் கதையைச் சொல்ல விழைகின்றோம். அம்மொழி கிரேக்கம். கிரேக்கம் என்றவுடன் ஓமரும் சாக்ரடீசும் பிளேட்டோவும் நம் நினைவிற்கு வருவர். யாம் பேச எடுத்துக்கொண்டது அவர்களைப் பற்றியன்று. அவர்களுக்குப் பின் வந்த வழித்தோன்றல்களாகிய புதுக் கிரேக்கரைப் பற்றி, சிறப்பாகக் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் அவர்கள் தம் மொழியையும் இலக்கியத்தையும் காத்து வளர்த்த வரலாற்றைப் பற்றி.

அந்தமானில் வாழும் தமிழர்க்குக் கிரேக்கர் கதை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பழந்தமிழர்க்கு யவனர் புதியவரல்லர். மிளகு தேடி முசிறித் துறைக்கு வந்த யவனர் மரக்கலங்களைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் நிலநூலார் தமிழகத் துறைமுகங்களைத் தம் நூலில் குறித்தார். அவர் கீழைக்கடலில் குறித்த ‘நல்ல தெய்வத்தின் தீவு’ நம் அந்தமானே எனக் கருதும் ஆய்வாளரும் உளர். எனினும் இப்பழைய உறவு நமக்கு இன்று முதன்மையன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இலக்கியமும், இன்றும் அடுப்பங்கரையில் வழங்கும் பேச்சும் ஒருங்கே உடைய மொழிகள் உலகில் மிகச் சில. அவற்றுள் ஒன்று தமிழ், மற்றொன்று கிரேக்கம். இரண்டின் மக்களும் கடல் கடந்து பல நாடுகளில் பரவியவர்கள். ஆகவே அவர்கள் பெற்ற பட்டறிவு நமக்குப் பாடமாகும்.

ஓராண்டுக்கு ஒரு நாள்

முதலில் ஒரு பழைய செய்தி. இத்தாலி நாட்டின் தென்பகுதியில் பொசைடோனியா என்றொரு நகர் இருந்தது. கிரேக்கர் குடியேறி அமைத்த நகர் அது. காலப்போக்கில் அயலார் ஆட்சி வந்தது. அயல் மொழி வந்தது. பேச்சு மாறிற்று; பழக்க வழக்கம் மாறிற்று. ஒன்று மட்டும் மாறவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை அவர்கள் ஒரு கிரேக்க விழாவைக் கொண்டாடினர். அன்று எல்லாரும் ஒன்றுகூடுவர். பழைய பெயர்களை நினைவு கூர்வர். ஒருவரை ஒருவர் பார்த்து அழுவர். பின் கலைந்து செல்வர். இச்செய்தியை அத்தினேயஸ் என்னும் பண்டை ஆசிரியர் தம் நூலில் பதிந்து வைத்தார்.

ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்குப் பின், 1906-ஆம் ஆண்டில், ஒரு கிரேக்கக் கவிஞர் இச்செய்தியை எடுத்துக் கவிதையாக்கினார். அவர் பெயர் கவாபி. அவர் கிரேக்க நாட்டில் பிறந்தவரல்லர். எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் 1863-இல் பிறந்தவர். வாணிகக் குடும்பத்தினர். இளமையில் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் வளர்ந்தவர். பின்னர் முப்பது ஆண்டுகள் எகிப்து நீர்ப்பாசனத் துறையில் எழுத்தராகப் பணிபுரிந்தார். அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தினார். வீட்டில் கிரேக்கக் கவிதை எழுதினார். வாழ்நாளில் தம் கவிதைகளை ஒரு முழு நூலாக விற்பனைக்கு வெளியிட்டாரல்லர்; தனித்தாள்களில் அச்சிட்டு அன்பர்களுக்கு வழங்கினார். 1933-இல் அதே நகரில் மறைந்த அவரை உலகம் இன்று புதுக் கிரேக்கத்தின் பெருங்கவிஞருள் ஒருவராகப் போற்றுகின்றது.

அயல்நாட்டில் வாழ்ந்த ஒரு கிரேக்கர்க்குப் பொசைடோனியாவின் கதை ஏன் நெஞ்சைத் தைத்தது என்பதை நாம் எளிதில் உணரலாம். விழா எஞ்சியது, மொழி எஞ்சவில்லை. ஆண்டு விழாக் கொண்டாடும் நாம் அனைவரும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதில் அடங்கியிருக்கிறது. மொழியைக் காப்பது விழாவா? விழா அன்று எனின், எது? இவ்வினாவிற்கு விடை தேடியே யாம் கிரேக்கர் வரலாற்றுக்குள் புகுகின்றோம்.

கல்கத்தாவிற்கு வந்த ஆசிரியர்

விடையின் முதற்பகுதி நமக்குத் தொலைவில் இல்லை. நம் கப்பல்கள் சென்று வரும் கல்கத்தாவிலேயே இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் பலர் வங்காளத்தில் குடியேறினர். கிரேக்க நாடு அன்று துருக்கியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கல்கத்தாவில் அவர்கள் தம் சமயக் கோயிலை 1780-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எழுப்பினர். கோயில் எழுப்பிய கையோடு அவர்கள் செய்த அடுத்த பணி யாது? தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க ஓர் ஆசிரியரை வரவழைத்தனர். ஏதென்சில் 1760-இல் பிறந்த திமீத்ரியோஸ் கலானோஸ் என்பாரே அவ்வாசிரியர். 1786-இல் அவர் கல்கத்தா வந்தார். சிறு எண்ணிக்கையினரான வணிகர் கூட்டம் ஒன்று, விமானமும் நீராவிக் கப்பலும் இல்லாத நாளில், பாதி உலகைக் கடந்து ஓர் ஆசிரியரை வருவித்தது என்றால், அவர்களுடைய மொழிப்பற்று எத்தகையது!

கலானோஸ் சில ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பின்னர் 1793-ஆம் ஆண்டளவில் காசி நகருக்குச் சென்றார். அங்கே பண்டிதர்களிடம் வடமொழி பயின்றார். நாற்பது ஆண்டுகள் காசியிலேயே வாழ்ந்தார். பகவத் கீதை, பர்த்ருஹரியின் நீதிப் பாக்கள், காளிதாசரின் இரகுவம்சம் ஆகியவற்றைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். 1833-இல் அவர் காசியில் மறைந்தார். அவருடைய கையெழுத்துப் படிகளும் செல்வத்தின் ஒரு பகுதியும் அப்பொழுதுதான் விடுதலை பெற்றிருந்த கிரேக்க நாட்டைச் சென்றடைந்தன. 1845 முதல் அம்மொழிபெயர்ப்புகள் ஏதென்சில் அச்சேறின. தம் மொழியைப் பிறர் மண்ணில் கற்பிக்க வந்த ஆசிரியர், அம்மண்ணின் செல்வத்தைத் தம் மொழிக்கு ஈட்டித் தந்தார். தாய்மொழிப் பற்று அண்டை மொழியை வெறுப்பதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கல்கத்தாக் கிரேக்கர் இன்று இல்லை. வாணிகம் குன்றியபோது அவர்கள் வேறு நாடுகளுக்குப் பெயர்ந்தனர். 1920-ஆம் ஆண்டுகளில் காளிகாட் பகுதியில் அவர்கள் எழுப்பிய புதிய கோயில், கிரேக்க முறைத் தூண்களோடு இன்றும் நிற்கிறது. அங்கு இப்பொழுது வழிபடுவோர் பெரும்பாலும் வங்காள மக்களே. டாக்கா பல்கலைக்கழக வளாகத்திலும் அவர்தம் நினைவுக் கட்டடம் ஒன்று உண்டு. கட்டடம் நிற்கும், ஆனால் பேசாது. கலானோசின் நூல்களோ இன்றும் பேசுகின்றன.

மறந்து மீண்ட மகன்

அடுத்து ஒரு தீவுக்குச் செல்வோம். கிரேக்கத்தின் மேற்கே ஸாகிந்தோஸ் என்றொரு தீவு உள்ளது. பல நூற்றாண்டுகள் வெனிசு நகரத்தார் ஆட்சியில் இருந்த தீவு அது. அங்கே மேன்மக்கள் மொழி இத்தாலியம். எளிய மக்கள் மொழி கிரேக்கம். அத்தீவில் 1798-இல் தியோனீசியோஸ் சொலொமோஸ் பிறந்தார். தந்தை செல்வப் பிரபு. தாய் அவ்வீட்டுப் பணிப்பெண். தந்தை மறைந்த பின், பத்து வயதில் அச்சிறுவன் கல்விக்காக இத்தாலிக்கு அனுப்பப்பட்டான். பத்தாண்டுகள் கழித்து அவன் திரும்பியபோது இத்தாலிய மொழியில் பா இயற்றும் புலமை இருந்தது. தாயின் மொழியில் தடையின்றி எழுதும் ஆற்றல் இல்லை.

பெரியோர்களே! இந்நிலை நமக்குப் புதிதன்று. நம் தீவுகளில் இந்தி கடைத்தெரு மொழி; ஆங்கிலம் அலுவலக மொழி. நம் பிள்ளைகள் இரண்டிலும் வல்லவராக வளர்கின்றனர். அதில் நமக்குப் பெருமையே. ஆனால் வீட்டில் தாய் தமிழில் கேட்கும் வினாவிற்கு மகன் இந்தியில் விடை கூறுவதையும் நாம் காண்கின்றோம். ‘இனி என் செய்வது? காலம் கடந்துவிட்டது’ என்று கைவிடும் பெற்றோரும் உளர். அவர்கள் சொலொமோசின் கதையைக் கேட்க வேண்டும்.

1821-இல் கிரேக்கர் விடுதலைப் போர் தொடங்கினர். 1822-ஆம் ஆண்டின் இறுதியில் திரிகூப்பிஸ் என்னும் அறிஞர் சொலொமோசைக் காண வந்தார். சொலொமோஸ் தம் இத்தாலியப் பாடலைப் படித்துக் காட்டினார். கேட்ட அறிஞர், இத்தாலியில் கவிஞர் பலர் உளர் என்றும் கிரேக்கம் தன் கவிஞனுக்காகக் காத்திருக்கிறது என்றும் எடுத்துரைத்து, தாய்மொழியில் எழுதத் தூண்டினார். இருபத்து நான்கு வயது இளைஞர் ஒரு மாணாக்கனைப் போல் மீண்டும் கிரேக்கம் பயின்றார். நாட்டுப் பாடல்களைத் தேடிக் கேட்டார். எளிய மக்களின் சொற்களைத் திரட்டினார். சில திங்களில், 1823-இல், விடுதலையைப் போற்றி 158 கண்ணிகள் கொண்ட பாடலை இயற்றினார். அதன் முதற்கண்ணிகளே, கோர்பூத் தீவினரான மாந்த்சரோஸ் அமைத்த இசையோடு, 1865 முதல் கிரேக்க நாட்டின் நாட்டுப்பண்ணாக விளங்குகின்றன.

ஒரு நாட்டின் நாட்டுப்பண்ணைப் பாடியவர் தம் தாய்மொழியை இருபத்து நான்காம் வயதில் மீட்டுக்கொண்டவர்! ஆகவே காலம் கடந்துவிட்டது என்னும் சொல் நமக்கு வேண்டா. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அவர் மீட்பதற்கு ஒரு விதை நெஞ்சில் இருந்தது. அந்த விதையை இட்டவள் பணிப்பெண்ணாகிய தாய். குழந்தைப் பருவத்தில் அவள் பேசிய பேச்சே அவ்விதை.

பம்பாய் எழுத்தர்கள் மூட்டிய தீ

விடுதலை பெற்ற கிரேக்கம் ஒரு பெருஞ்சிக்கலில் மாட்டிக்கொண்டது. எந்தக் கிரேக்கத்தை எழுதுவது? பழம்பெருமையில் தோய்ந்த அறிஞர்கள், மக்கள் பேச்சில் துருக்கியச் சொல்லும் இத்தாலியச் சொல்லும் கலந்துள்ளன என்று கருதினர். பண்டை இலக்கணத்தை ஒட்டித் ‘தூய மொழி’ ஒன்றை வகுத்தனர். அரசாணையும் பாடநூலும் செய்தித்தாளும் அம்மொழியில் அமைந்தன. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றாயிற்று. தாய் பேசுவதைப் பிள்ளை எழுதினால் ஆசிரியர் பிழை என்றார்.

இந்நிலையை எதிர்த்து 1888-இல் ப்ஸிகாரிஸ் என்பார் மக்கள் மொழியிலேயே தம் பயண நூலை எழுதி வெளியிட்டார். அவரும் ஒதெஸ்ஸாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்தவர். அவருக்குத் துணை நின்றவர் இருவரை நாம் சிறப்பாக அறிய வேண்டும். ஏனெனில் இருவரும் நம் நாட்டில் வாழ்ந்தவர்கள்.

கியோஸ் என்னும் தீவில் 1822-இல் துருக்கியப் படை பெருங்கொலை புரிந்தது. அத்தீவினர் பல நாடுகளுக்குச் சிதறினர். அத்தீவுக் குடும்பங்களுள் ஒன்று நிறுவியதே ராலி சகோதரர் கம்பெனி. அது 1851-இல் கல்கத்தாவிலும் 1861-இல் பம்பாயிலும் கிளை அமைத்தது. சணல், பஞ்சு வாணிகத்தில் புகழ் பெற்றது. அதன் பம்பாய் அலுவலகத்தில் பணிபுரிந்தவர்களே அலெக்சாந்தரோஸ் பல்லிசும், லெஸ்போஸ் தீவினரான எப்தாலியோத்திசும். பகலெல்லாம் பஞ்சுப் பொதியின் விலைக்கணக்கு. ஓய்வு நேரத்தில் தாய்மொழித் தொண்டு. இருவரும் பின்னர் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் வாழ்ந்தனர். பல்லிஸ் ஓமரின் இலியாத்தை மக்கள் மொழியில் பெயர்த்தார். குழந்தைகளுக்குப் பாடல் எழுதினார். எப்தாலியோத்திஸ் தம் தீவு மக்களின் வாழ்வைத் ‘தீவுக் கதைகள்’ என்று எழுதினார். ஓமரின் ஒதிசியைப் பெயர்த்தார். இவ்வியக்கத்தின் அடுத்த தலைமுறையினரான பேத்ரோஸ் விளாஸ்தோஸ் 1879-இல் பிறந்ததே நம் கல்கத்தாவில்தான்!

பல்லிஸ் விவிலியத்தின் நற்செய்தியையும் மக்கள் மொழியில் ஆக்கினார். அது 1901-இல் ஏதென்சு நாளிதழ் ஒன்றில் வெளிவந்தபோது நகரமே கொந்தளித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினர். கலவரத்தில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். தலைமைப் பேராயர் பதவி துறந்தார், அமைச்சரவையும் விலகிற்று. மொழிநடைக்காக ஒரு தலைநகரில் உயிர்கள் மடிந்தன என்றால் நம்புதற்கு அரிது, ஆயினும் நிகழ்ந்தது. இவ்வழக்கு மேலும் முக்கால் நூற்றாண்டு நீடித்தது. 1967 முதல் 1974 வரை ஆண்ட படைத்தலைவர்கள் தூய மொழியையே வற்புறுத்தினர். அவர்கள் வீழ்ந்த பின், 1976-இல் மக்கள் மொழியே கல்வி மொழியாயிற்று. 1982-இல் எழுத்தின் மேலிடும் பலவகைக் குறிகளையும் குறைத்து ஒன்றாக்கினர். நம் தமிழகத்தில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

இவ்வரலாற்றிலிருந்து செந்தமிழை விட்டுவிடுக என்னும் முடிவுக்கு யாம் வரவில்லை. யாமே இன்று மேடைத் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கின்றோம். பாரதியார் 1912-இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய நடையின் தேவையை வற்புறுத்தினார். யாம் வேண்டுவதும் அதுவே. தீவில் பிறந்து வளரும் குழந்தைக்கு முதல் நாளே தொடர்மொழியும் சந்தி இலக்கணமும் கற்பித்தால் அது தமிழைக் கண்டு அஞ்சும். வீட்டுப் பேச்சிலிருந்து கதைக்கும், கதையிலிருந்து பாட்டுக்கும், பாட்டிலிருந்து குறளுக்கும் ஏணி அமைத்தல் வேண்டும். பம்பாய் எழுத்தர் பல்லிஸ் குழந்தைப் பாடலை நாடியதன் உட்பொருள் அதுவே.

அகதிகள் கொணர்ந்த செல்வம்

1922-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஆசியா மைனரின் சிமிர்னா நகர் தீக்கிரையாயிற்று. மறு ஆண்டு கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள உடன்படிக்கை செய்தன. ஏறத்தாழ 12 இலட்சம் பேர் கிரேக்க நாட்டிற்கு அகதிகளாயினர். ஏறத்தாழ 4 இலட்சம் முசுலிம்கள் துருக்கிக்குப் பெயர்ந்தனர். மூவாயிரம் ஆண்டுகளாகக் கிரேக்கர் வாழ்ந்த ஊர்கள் வெறுமையாயின. வந்தவர்களைத் தாயகம் இருகை நீட்டி வரவேற்றதா? இல்லை. ‘துருக்கி விதை’ என்று உள்ளூரார் இகழ்ந்தனர். ஆயினும் அவ்வகதிகள் கொணர்ந்த இசை, பிரேயஸ் துறைமுகச் சேரிகளில் புதுப்பாடலாக வளர்ந்து பின்னர் நாட்டின் உடைமையாயிற்று. சிமிர்னா பகுதியில் 1900-இல் பிறந்து, தம் பதினான்காம் வயதில் குடும்பத்தோடு ஏதென்சு வந்தவர் செபெரிஸ். இழந்த கடற்கரையை வாழ்நாளெல்லாம் நெஞ்சில் சுமந்தவர் அவர். 1963-இல் நோபல் பரிசு பெற்ற முதற்கிரேக்கர் அவரே. இரண்டாமவர் 1979-இல் அப்பரிசு பெற்ற எலீதிஸ். கிரீட் தீவில் பிறந்தவர். லெஸ்போஸ் தீவுக் குடும்பத்தினர்.

இக்கதையைக் கேட்கும்போது நம்முடைய கச்சல் தீவு நினைவிற்கு வருகின்றது. 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையின்படி இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழர் சிலர் கச்சலின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். நூற்றாண்டுக்கு மேல் உழைத்த மண்ணை விட்டு, முன்னோர் ஊரில் வேர் ஊன்றவும் இயலாது, மூன்றாவதாக ஒரு தீவுக்கு வந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை அத்தீவையும் வாரிச் சுருட்டியது. இவ்வளவையும் கண்ட மக்களிடம் எத்துணைப் பாடல்கள், எத்துணை ஒப்பாரிகள், எத்துணைக் கதைகள் இருக்கும்! அவற்றைக் கேட்டு எழுதி வைத்தவர் எத்துணை பேர்? சிமிர்னாவின் துயரம் கிரேக்கர்க்கு இலக்கியமாயிற்று. கச்சலின் துயரம் தமிழர்க்கு என்னவாகப் போகின்றது?

சிறைத் தீவுகளின் பாட்டு

தீவு என்றால் சிறை என்னும் பொருளை நாம் அறிவோம். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளுள் மூன்று இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்ட நிலையில், சாவர்க்கர் தம் மராத்திப் பாக்களைச் சுவரில் கீறியும் நெஞ்சில் பதித்தும் காத்தார் என்பர். கிரேக்க நாட்டிற்கும் இத்தகைய தீவுகள் உண்டு. ஒரு வேறுபாடு, அங்கே சிறையிட்டது சொந்த நாட்டு அரசே.

யான்னிஸ் ரித்சோஸ் என்னும் கவிஞர் 1948 முதல் 1952 வரை லெம்னோஸ், மக்ரோனிசோஸ், அய்-ஸ்திராத்திஸ் என மூன்று தீவுகளில் அடைக்கப்பட்டார். எழுதிய கவிதைகளைப் புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார். 1967-க்குப் பின் மீண்டும் வேறு தீவுகளில் சிறை. அவர் புகழ் பெற்றது 1936-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றால். தெசலோனிக்கி நகர வேலைநிறுத்தத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞன் ஒருவனின் உடல்மேல் விழுந்து தாய் அழும் படம் நாளிதழில் வந்தது. அதைக் கண்ட ரித்சோஸ், கிரேக்க நாட்டுப்புற ஒப்பாரியின் யாப்பிலேயே தாயின் அழுகையைப் பாடினார். அவ்வாண்டு ஆட்சியைப் பிடித்த சர்வாதிகாரி அந்நூலின் எஞ்சிய படிகளை ஏதென்சில் எரித்தான். நூல் எரிந்தது, பாட்டு எரியவில்லை. பின்னர் தியோடொராகிஸ் அதற்கு இசை அமைத்தார். அவரும் கியோஸ் தீவில் பிறந்தவர்; மக்ரோனிசோஸ் சிறையில் வதைபட்டவர். நாடே அப்பாட்டைப் பாடிற்று. தாய்மாரின் ஒப்பாரியை இழிவென்று தள்ளியிருந்தால் அந்தக் காவியம் பிறந்திருக்குமா?

நாம் செய்ய வேண்டுவன

அன்பர்களே! 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். இது சிறு தொகையன்று. தமிழ்வழிப் பள்ளிகளும் நமக்கு உண்டு. நாம் வாழும் தலைநகர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றது. இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டில் நிக்கோபார் ‘மாநக்கவாரம்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கல்வெட்டு நம் பேரர்களுக்குத் தமிழ் கற்பிக்காது.

இம்மண்ணிலேயே நமக்கு ஓர் எச்சரிக்கை உள்ளது. நம்மினும் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் முன்னரே இங்கு வாழ்ந்த பேரந்தமானியருள் ‘போ’ என்னும் குடியினரின் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா. அவர் 2010 சனவரியில் மறைந்தார். தம் மொழியில் பேசுவதற்கு மற்றோர் உயிர் இன்றியே இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அவரோடு அம்மொழி மண்ணுக்குள் சென்றது. குடியேறிகள் பெருகப் பெருக அப்பழங்குடிகள் அருகினர் என்பதைக் குடியேறிகளாகிய நாம் தலைகுனிந்து நினைத்தல் வேண்டும். தமிழ் உலகில் அழியாது. தமிழ்நாடும் ஈழமும் உள்ளன. ஆனால் ஒரு தீவில், ஒரு தெருவில், ஒரு வீட்டில் அது அழியும். அவ்வழிவிற்கு ஓசை இராது.

ஆகவே, யாம் பெருந்திட்டம் எதனையும் கூற வரவில்லை. சில சிறு பணிகளையே விண்ணப்பிக்கின்றோம். வீட்டில் தமிழே பேசுவோம். கல்கத்தாக் கிரேக்கரைப் போல, விழாச் செலவிற்கு முன் ஆசிரியர் செலவை எண்ணுவோம். ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு நடத்துவோம். சொலொமோசைப் போல வளர்ந்த பின் கற்க வரும் இளைஞரை எள்ளி நகையாடாது அரவணைப்போம். பம்பாய் எழுத்தரைப் போல, அலுவல் முடிந்த மாலையில் நம் தீவு வாழ்வை எழுதுவோம். படகோட்டியின் சொல்லும், தோட்டத் தொழிலாளியின் பாட்டும், பாட்டியின் ஒப்பாரியும் ஏட்டில் ஏறட்டும். கலானோசைப் போல அண்டை வீட்டு வங்காளியின் இலக்கியத்தையும், நிக்கோபாரியின் கதைகளையும் தமிழுக்குக் கொணர்வோம்.

கிரீட் தீவிலிருந்து சென்று இசுபானிய நாட்டில் வாழ்ந்து 1614-இல் மறைந்த ஓவியர் எல் கிரேக்கோ, ஊரார் ‘கிரேக்கன்’ என்று அழைத்தபோதும், தம் ஓவியங்களில் முழுப்பெயரையும் கிரேக்க எழுத்திலேயே ஒப்பமிட்டார். நம் பிள்ளைகள் மருத்துவராகலாம், மாலுமியாகலாம், மாவட்ட ஆட்சியராகலாம். எம்மொழியிலும் பணி செய்யலாம். தம் பெயரைத் தமிழில் எழுதத் தெரிந்தவராக, தாயின் கடிதத்தைத் தாமே படிக்க வல்லவராக அவர்கள் விளங்குதல் வேண்டும்.

அடுத்த ஆண்டு இவ்விழா மலரில் நம் சிறுவர் சிறுமியர் தம் கையால் எழுதிய பக்கங்கள் சில இடம்பெறுமாயின், பொசைடோனியாவின் கதை நம் கதையாகாது. அப்பக்கங்களில் பிழை இருக்கலாம், இருக்கட்டும். பிழையோடு எழுதும் கை திருந்தும். எழுதாத கைக்குத் திருத்தம் இல்லை.

 வாழ்க தமிழ்! வளர்க சங்கம்! வாழ்க இத்தீவின் மக்கள் அனைவரும்!